அடுப்படிக் குழி

படகின் இயந்திரச் சத்தம் கேட்பதற்குள் இரண்டு குழிகளையும் காலி செய்துவிட வேண்டும். அன்று காலை ஆமை முட்டைப் பொரிப்பகத்தின் பொறுப்பாளருக்கு இருந்த அவசரம் அது ஒன்றுதான். மனைவி ஆமை டாக்டரை அழைத்து வருவதற்காகத் துறைக்குப் போயிருந்தாள். எட்டு மணிப் படகு எட்டு மணிக்கு வந்த சரித்திரம் இல்லை. ஒன்பதுக்கு முன் திரும்பமாட்டாள். திரும்பும்போது மண் சமமாக இருக்க வேண்டும். அதன்பிறகு அவள் எவ்வளவு கத்தினாலும் கேட்டுக்கொள்ளலாம். இருபத்தாறு வருடமாகக் கேட்டுப் பழகிய காது.

அடுப்படிச் சுவருக்குப் பின்னால், புன்னை மரத்தடியில் இருந்தன அந்தக் குழிகள். முழங்காலிட்டு உட்கார்ந்து கையாலேயே மணலை விலக்கினார். ஒன்றரை அடி ஆழத்தில் முதல் முட்டை விரலில் தட்டுப்பட்டது. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அதன் உச்சியில் ஒரு புள்ளி வைத்தார். கடலாமை முட்டை கோழி முட்டையைப் போலன்று. இட்டுச் சில மணி நேரத்தில் உள்ளே இருக்கும் கரு மேல்பக்க ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துப்போகும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே மேலே இருக்கும்படி எடுத்து, வாளியில் ஈரமணல்மேல் அடுக்கி, அப்படியே புதுக் குழியில் இறக்க வேண்டும். இப்படி லட்சக்கணக்கான முட்டைகளைத் தூக்கியவர் அவர். ஆனால் அவையெல்லாம் இட்ட அன்றே, விடியற்காலையில் தூக்கியவை. இருபத்து நாலாம் நாள் முட்டையை அவர் தொட்டதே கிடையாது. தொடக்கூடாது என்று அவர் கையாலேயே பொரிப்பகத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் மறுநாள் பெரிய அதிகாரி வருகிறார். பொரிப்பகத்தை அளந்து, படம் பிடித்து, இதே மாதிரியில் ஐந்து தீவுகளில் கட்டப்போகிறார்கள். பத்தொன்பது வருட உழைப்புக்கு ஒரு நாள் வருகிறது. அந்த நாளில் அடுப்படிப் பக்கம் பாத்திரம் கழுவும் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே, குச்சி நட்டு துணி கட்டிய இரண்டு சோம்பேறிக் குழிகள் அதிகாரியின் கண்ணில் படக்கூடாது.

சோம்பேறிக் குழி என்பது அவர் வைத்த பெயர். முட்டையிடும் காலத்தில் விடிந்ததும் கரையின் வடபாதியை அவரும் தென்பாதியை மனைவியும் நடந்து, இரவில் ஆமைகள் இட்டுப்போன முட்டைகளை வாளியில் சேர்த்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டு வருவார்கள். தென்கோடியிலிருந்து வரும்போது அடுப்படியைத் தாண்டி இன்னும் முன்னூறு அடி நடந்தால்தான் பொரிப்பகம். மனைவிக்கு முட்டிவலி. முட்டி வீங்கிய நாட்களில் கடைசி வாளியை அடுப்படிக்குப் பின்னாலேயே புதைத்துவிடுவாள். காய் கழுவிய தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும். மர நிழல் வேறு. அங்கே வைத்த முட்டைகள் அறுபது, அறுபத்திரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். பொரிப்பகத்து முட்டைகளோ நாற்பத்தேழாம் நாள் பொரித்துவிடும்.

அந்த நாற்பத்தேழுதான் அவருடைய பெருமை. கொத்தனாராகச் சுவர் எழுப்ப வந்து, ஆமைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர். அவர் வந்த காலத்தில் பொரிப்பகம் மரங்களுக்கு அடியில் இருந்தது. வேர் முட்டைக்குள் புகும், நண்டு தின்னும், எறும்பு மொய்க்கும். நூற்றுக்கு நாற்பது பொரித்தால் அதிகம். அவர்தான் பதினொரு மரங்களை வெட்டிச் சாய்த்து, இடத்தைத் திறந்த வெளியாக்கி, சல்லடையில் சலித்த வெள்ளை மணலைக் கொட்டினார். மறுவருடமே நூற்றுக்குத் தொண்ணூறு. அதுவும் பதின்மூன்று நாள் முன்னதாக. வாசலில் பலகை அடித்து ‘47 நாள்’ என்று நீலச் சாயத்தில் எழுதி மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, தீவுக்காரர்கள் அவருக்கு அந்த எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். டீக்கடையில் நுழைந்தால், “நாப்பத்தேழு வந்துட்டாரு, டீயை நாப்பத்தெட்டாவது நிமிஷம் குடுத்தா திட்டுவாரு” என்பார்கள். கோபித்துக்கொள்வது போல் காட்டிக்கொள்வாரே தவிர, உள்ளுக்குள் இனிக்கும்.

படகுச் சத்தம் கேட்டபோது இரண்டாவது குழியின் கடைசி முட்டையைப் பொரிப்பகத்தில் இறக்கி, மணலை மூடிக்கொண்டிருந்தார். முதல் குழியில் நூற்று நாலு, இரண்டாவதில் தொண்ணூற்றேழு. ஒன்றுகூடப் புரளவில்லை என்றுதான் நினைத்தார். முதல் வாளியைத் தூக்கி வந்தபோது வாசல்படியில் கால் இடறியதை மட்டும் அவர் நினைக்க விரும்பவில்லை.

*

டாக்டர் முப்பத்தைந்து வயதுக்காரி. சிரித்த முகம். போன முறை வந்தபோது ஜாடிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போனவள். குழிக்குள் செத்துக்கிடக்கும் குஞ்சுகளை மருந்து நீரில் போட்டு வைக்க வேண்டும் என்பது அலுவலகத்து விதி. எதற்கென்று யாரும் சொன்னதில்லை, அதுவரை யாரும் வந்து கேட்டதும் இல்லை. விதி என்றால் விதி என்று பொறுப்பாளர் வருடத்துக்கு ஒரு ஜாடியாகப் பத்தொன்பது ஜாடிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். அவற்றோடு ஒரு ஜாம் பாட்டிலும் இருந்தது. அது மனைவியுடையது. அவளுடைய குழியில் சாகும் குஞ்சுகளைத் தம்முடைய ஜாடியில் போட அவர் விடவில்லை. “உன் சோம்பேறிக் குழிச் சாவெல்லாம் எந்தலையில எழுதாத” என்று சொல்லிவிட்டார். அவளும் ரோஷத்தோடு ஒரு காலி பாட்டிலைக் கழுவி, ‘அடுப்படி’ என்று தாள் ஒட்டித் தனியாக வைத்தாள்.

இன்று டாக்டர் சிரிக்கவில்லை. வேலைக் கொட்டகையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வைத்த டீயைக் கையில் எடுக்காமல் ஒரு தாளைப் பிரித்தாள்.

“உங்க ஜாடியில இருந்து இருநூத்தி எண்பத்தெட்டு குஞ்சு எடுத்து சோதிச்சேன். ஒவ்வொண்ணுலயும் சிறுநீரகத்துக்குப் பக்கத்துல ஒரு நூல் மாதிரி இருக்கும். அதைச் சீவி கண்ணாடித் தகட்டுல வெச்சு பாத்தாத்தான் ஆணா பொண்ணான்னு தெரியும். இருநூத்தி எண்பத்தாறு பொண்ணு. ரெண்டு மட்டும் சரியாத் தெரியல.”

“சரி” என்றார் அவர்.

“சரியில்லைங்க. பத்தொம்பது வருஷமும் பொண்ணு.”

“பொண்ணா இருந்தா நல்லதுதானேம்மா? முட்டை போடறது அதுதானே?”

மனைவி கதவோரம் நின்று சிரித்துவிட்டாள். “நல்லாச் சொன்னீங்க. தனியாவே போட்டுக்கும் பாருங்க.”

டாக்டரும் சிரிக்கப் பார்த்து, முடியாமல், டீ டம்ளரை நகர்த்தி வைத்தாள். “ஆமைக்கு இது வயித்துலயே முடிவாகறதில்லை. மண்ணுல முடிவாகுது. முட்டை மண்ணுக்குள்ள இருக்கற நாளுல நடுப்பகுதி இருக்கு பாருங்க, இருபதாம் நாள்லேருந்து ஒரு நாப்பது வரைக்கும், அப்போ மண்ணு சூடா இருந்தா பொண்ணாகும். குளுந்து இருந்தா ஆணாகும். உங்க மணல்ல கைய வெக்க முடியல. மண்ணு சூடேறினா முட்டை சீக்கிரமாவும் பொரிக்கும்.”

சீக்கிரமாவும் என்ற சொல்லில் அவர் திரும்பினார். கொட்டகைச் சன்னலுக்கு வெளியே பலகை தெரிந்தது. போன வாரம்தான் அதிகாரியின் வரவுக்காகப் புதுச் சாயம் பூசியிருந்தார்.

“இதை உங்ககிட்ட யாருமே சொல்லலியா?”

சொன்னார்கள். ஏழெட்டு வருடத்துக்கு முன் கல்லூரியிலிருந்து வந்த ஒருத்தன், கையில் வெப்பமானியோடு குழி குழியாகக் குத்திப் பார்த்துவிட்டு இதைத்தான் சொன்னான். அன்று மாலை டீக்கடையில், “மண்ணைத் தொட்டு ஆணா பொண்ணானு சொல்றானாம், ஜோசியக்காரன்” என்று அவனைப்போலவே பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தார். இப்போது அந்தச் சிரிப்பு காதில் கேட்டது.

“இல்லை” என்றார்.

“கடலுக்குப் போனதெல்லாம் பெரிசாகித் திரும்பி வர இருபத்தஞ்சு வருஷம் ஆகும். உங்க மொதல் குஞ்சுங்க இன்னும் வரல. ஆறு வருஷம் கழிச்சு வரும்போது…” டாக்டர் அதை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. கரை முழுக்க ஆமைகள் ஏறி வந்து, குழி தோண்டி, நூறு நூறாக இட்டுவிட்டுப் போகும் முட்டைகள், எத்தனை நாள் காத்தாலும் அசையாத வெறும் முட்டைகள், அவர் கண்முன் வந்தன. குஞ்சுகளைக் கடலில் விடும்போதெல்லாம், “பொண்ணுங்களா, பாத்துப் போங்க” என்று சொல்வது அவர் வழக்கம். வாய்ப்பழக்கமாக வந்த செல்லம். அது அத்தனை சரியாக இருக்கும் என்று யார் கண்டார்கள்.

மனைவியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். “வீட்டுலயும் ரெண்டும் பொண்ணு. கடலுக்கும் பொண்ணாவே பாத்து அனுப்பிட்டீங்க” என்றாள். குத்தலாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கிப்போயிற்று.

“அந்த ஜாம் பாட்டிலைப் பத்தி நீங்க கேக்கவே இல்லியே” என்றாள் டாக்டர். அப்போதுதான் முதல்முறையாக அவள் முகம் சற்று மலர்ந்தது. “அதுல இருபத்து நாலு குஞ்சு. பதினேழு ஆண்.”

மனைவிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். “என் குழியா? அடுப்படிக் குழியா?”

“இந்தக் கரையிலேருந்து இத்தனை வருஷமா ஆண் குஞ்சு போயிருக்குன்னா அது உங்க குழியிலேருந்துதான். இந்த வருஷம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

“ரெண்டு வெச்சிருக்கேன். இருபத்து நாலு நாள் ஆகுது. வாங்க காட்டறேன். முட்டிவலி வந்தாலும் வந்துச்சு, ஒரு நல்ல காரியத்துக்கு வந்துச்சு!”

அவர் எழுந்திருக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு பெண்களும் அடுப்படிப் பக்கம் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திரும்பி வந்து வாசலில் நின்று, மேசைமேல் இருந்த அவருடைய கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு மண் அடைந்திருந்தது. பொரிப்பகத்து மணல் வெள்ளை. கறுப்பு மண் அடுப்படிக்குப் பின்னால் மட்டும்தான்.

“எங்க வெச்சிருக்கீங்க?” என்றாள்.

“உள்ள. கடைசி வரிசையில.”

“நான் அந்தப் பக்கம் போனதும் தோண்டியாச்சு.”

“நாளைக்கு அதிகாரி…”

“தொடக்கூடாதுன்னு செவுத்துல எழுதி வெச்சது யாரு? எதிர்வீட்டுக்காரனா?”

அவ்வளவுதான் சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக அவள் திட்டியதே இல்லை.

*

திரும்ப எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாமா என்று கேட்டார். இன்னொரு முறை தூக்கினால் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். முட்டைகளை நிழலுக்குக் கொண்டுபோக முடியாது. நிழலைத்தான் முட்டைகளிடம் கொண்டுவர வேண்டும். ஆணா பெண்ணா என்று முடிவாகும் நாட்கள் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன. இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது.

மதிய வெயிலில் எல்லோரும் வேலை செய்தார்கள். அவர் கம்புகளை நட்டார். மனைவி தென்னை ஓலைகளை இழுத்து வந்தாள். படகுக்காரர் திரும்பிப் போகக் காத்திருந்தவர், சும்மா இருக்க முடியாமல் பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்து மேலே கட்டினார்.

“என்ன நாப்பத்தேழு, ஆமைக்கு மணப்பந்தலா?”

“மாப்பிள்ளை கிடைக்கல. அதான் பந்தல்” என்றாள் மனைவி. படகுக்காரருக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிரித்துவைத்தார்.

மாலையில் டாக்டர் மணலுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். படகில் ஏறும்போது அவரைத் தனியாக அழைத்தாள்.

“ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. பொரிச்சு உயிரோட போறதுல எது ஆண் எது பொண்ணுன்னு வெளிப்பார்வைக்குத் தெரியாது. குழிக்குள்ள செத்துக் கிடந்தா எடுத்து வைங்க. அதுல பாத்தாத்தான் நிழல் வேலை செஞ்சுதான்னு சொல்ல முடியும்.”

அவர் தலையாட்டினார். அதன் பொருள் அப்போது அவருக்கு முழுதாக உறைக்கவில்லை.

மறுநாள் அதிகாரி நாலு பேரோடு வந்தார். நல்ல மனிதர். வந்ததுமே பொறுப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களைப் பத்தித்தான் மேலே எல்லாரும் பேசறாங்க” என்றார். அளவுநாடாவைப் பிரித்தார்கள். படம் பிடிப்பவர் கடைசி வரிசைப் பந்தலைக் காட்டி, “அதை ஒரு அஞ்சு நிமிஷம் எடுத்துட்டா படம் சுத்தமா இருக்கும்” என்றார்.

“எடுக்க முடியாது” என்றார் பொறுப்பாளர்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

“சார், இதே மாதிரி கட்டாதீங்க. நான் செஞ்சது தப்பு. மரத்தை வெட்டினது தப்பு. வேலியே பயிரை மேஞ்சிருக்கு.” அத்தனையும் சொன்னார். ஜாடி, ஜாம் பாட்டில், சூடு, நிழல். பாதியில் தம் குரலே தமக்கு அந்நியமாகக் கேட்டது. பின்னால் மனைவி நிற்பது தெரிந்தது. ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்காமல் நின்றாள்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “எல்லாம் முடிவான பிறகு சொல்றீங்களே!”

“எனக்கே நேத்துதான் தெரியும் சார்.”

“அஞ்சு தீவுலயும் இடம் பாத்தாச்சு. மரத்துக்கெல்லாம் அடையாளம் போட்டாச்சு. ஜாம் பாட்டில்ல இருந்துச்சுன்னு நான் மேலே போய்ச் சொன்னா சிரிப்பாங்க. தேதி இல்லை, பதிவு இல்லை, நீங்களே அதைக் கணக்குல சேர்க்கலை.” அது உண்மை. “ஒண்ணு செய்யுங்க. இந்தப் பந்தல் குழியில ஆண் வந்துச்சுன்னு டாக்டர் எழுத்துல குடுக்கட்டும். ஒரே ஒரு குஞ்சு போதும். பதிவான குழி, பதிவான நாள். நான் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்றேன். அதுவரைக்கும் என்னால முடியாது. மழைக்கு முன்னாடி வெட்டணும்னு உத்தரவு.”

போகும்போது பலகையின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அவருக்கு அப்போது இல்லை.

*

நாற்பத்தேழாம் நாள் அந்த இரண்டு குழிகளும் அசையவில்லை. தீவுக்காரர்கள் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. விஷயம் எப்படியோ பரவியிருந்தது. டீக்கடையில் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தயங்கி, வேறு பெயரும் தெரியாமல், “வாங்க வாங்க” என்று மட்டும் சொன்னார்கள். அது கேலியைவிட வலித்தது.

ஓலை கிடைக்கக் கிடைக்க மற்றக் குழிகளுக்கும் பந்தல் நீட்டினார். பாதிதான் முடிந்தது. மீதிப் பாதி நெருப்பாகக் காய்ந்தது. எந்தக் குழி நடு நாட்களில் இருக்கிறது, எது கடந்துவிட்டது என்று பார்த்து, கடந்துவிட்டவற்றை விட்டுவிட வேண்டியிருந்தது. அவற்றில் இருப்பவை இனிப் பெண்கள்தான்.

ஐம்பத்தெட்டாம் நாள் இரண்டாவது குழியின் மணல் லேசாக உள்வாங்கியது. மூன்றாம் நாள் விடியற்காலையில் குஞ்சுகள் மேலே வந்தன. எழுபத்தொன்று. ஒவ்வொன்றும் கறுப்பாக, ஈர மண் ஒட்டி, கையைக் காலை வீசிக்கொண்டு. மனைவி எண்ணிச் சொல்ல அவர் எழுதினார். ஒன்றுவிடாமல் கடலுக்குப் போயின. வழக்கமாகச் சொல்வதை அன்று அவர் சொல்லவில்லை. என்னவென்று கூப்பிடுவது?

முதல் குழி அறுபத்தைந்து நாள் வரை பார்த்தும் ஒன்றும் வரவில்லை. தோண்டினார்கள். நூற்று நாலு முட்டையும் அப்படியே இருந்தன. பென்சில் புள்ளிகள் அழியாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். உள்ளே கட்டைவிரல் நகத்தளவு, கண் மட்டும் பெரிதாக, பாதியில் நின்றுபோன உயிர்கள். எந்த நாளில் நின்றன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வாசல்படியில் கால் இடறிய வாளி அது. டாக்டருக்குத் தொலைபேசியில் சொன்னார். அவ்வளவு சிறிதில் ஒன்றும் தெரியாது என்றாள். “இன்னொரு குழியில செத்தது ஏதும் இல்லியா?” என்று கேட்டாள்.

அதற்காகத்தான் அவர் மறுபடி இரண்டாவது குழியின் முன் உட்கார்ந்தார். எழுபத்தொன்று போக மீதி இருபத்தாறு அடியில் இருக்க வேண்டும். உடைக்க உடைக்கப் பாதிக் கருதான். நன்றாக வளர்ந்து பொரிக்க முடியாமல் செத்த ஒன்று, ஒரே ஒன்று, இருக்காதா என்று விரல்கள் தேடின. பத்தொன்பது வருடமாகச் செத்த குஞ்சைப் பார்த்தாலே அன்று முழுதும் சோறு இறங்காத மனிதர், ஒரு சாவுக்காக மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். அது தமக்கே தெரிந்தபோது கை நின்றது.

பிறகு, ஓரத்தில், கடைசி ஓட்டுக்கு அடியில் ஒன்று இருந்தது. முழுக் குஞ்சு. ஓட்டை உடைத்து வெளியே வந்து, மேலே ஏறும் பலமில்லாமல் நாலு நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது. உள்ளங்கையில் எடுத்து வைத்தார். அசையவில்லை. நெஞ்சு திக்கென்றது. அந்தத் திடுக்கிடலில் பாதி மகிழ்ச்சி. பிறகு வலது துடுப்பு ஒரு தரம் அவர் விரலை உரசியது.

எத்தனை நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாரோ, வெயில் ஏறிவிட்டது. மனைவி வந்து பார்த்தாள்.

“உசுரு இருக்கா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன உக்காந்திருக்கீங்க?”

“இங்கயே விட்டா மத்தியானத்துக்குள்ள போயிடும். அதுவா போறதுதான். நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல.” அவளைப் பார்க்காமல் பேசினார். “ஒரே ஒண்ணு போதும்னாரு. அஞ்சு தீவு மரம்.”

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எதிரில் உட்கார்ந்தாள். குஞ்சைப் பார்த்தாள். அதன் முதுகில் ஒட்டியிருந்த மண்ணை விரல் நுனியால் தட்டிவிட்டாள்.

“இது பொண்ணா இருந்தா?”

அவர் குஞ்சை மறு கைக்கு மாற்றினார்.

“சாக விட்டு, அறுத்துப் பாத்து, பொண்ணுன்னு சொல்லிட்டாங்கன்னா? அப்போ மரமும் போச்சு, இதுவும் போச்சு. உங்க அதிகாரி, பாத்தியா நிழலாவது மண்ணாவதுன்னு கிளம்பிடுவாரு.” கொஞ்சம் நிறுத்தி, “ஆணா இருந்தா, ஆறு வருஷம் கழிச்சு வரப்போற அத்தனை பொண்ணுங்களுக்கும் இது ஒண்ணு குறையும்” என்றாள். “நீங்க எப்படிப் போட்டாலும் நஷ்டம்தான்.”

அவர் எழுந்தார். கரை வரை நடந்து, ஈர மணலில் அதை இறக்கி, நிழலாகக் குனிந்து நின்றார். முதல் அலை வந்து புரட்டிப் போட்டது. இரண்டாவது அலை இழுத்துக்கொண்டது. ஒரு கணம் கறுப்புப் புள்ளி ஒன்று நீரில் தெரிந்தது. பிழைக்குமா என்பதும் தெரியாது, ஆணா என்பதும் தெரியாது. தெரியாமலே விட்ட முதல் குழியின் கடைசிக் குஞ்சு அது. மற்ற எல்லாவற்றையும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு விட்டார்.

திரும்பி வந்தவர் பதிவேடுகள் பத்தொன்பதையும் சாக்கில் கட்டினார். பிறகு ஏணி போட்டு வாசல் பலகையைக் கழற்றினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“ஒரு குஞ்சு கேட்டாரு. குஞ்சு இல்ல. இத்தனை வருஷமும் எந்தக் குழி எத்தனை நாள்ல பொரிச்சுதுன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்ல, அது இருக்கு. நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு, நாப்பத்தேழு. அதை அவங்க முன்னாடி விரிச்சுப் போடறேன். அந்த வேகம் எங்கேருந்து வந்துச்சுன்னு டாக்டரம்மா சொல்லட்டும். முட்டாத்தனத்துக்கு இதைவிடப் பதிவு எங்கயும் கிடைக்காது.”

“கேப்பாங்களா?”

“தெரியல.”

முட்டையிடும் காலத்தில் பத்தொன்பது வருடமாக அவர் தீவைவிட்டுப் போனதில்லை. மனைவிக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். “குழிக்கெல்லாம் யாரு தண்ணி தெளிக்கறது? நானா? நான் முட்டிவலிக்காரி” என்றாள். அதே மூச்சில், “போங்க, பாத்துக்கறேன். படகு போயிடப் போகுது” என்றாள்.

சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தார். வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

“என்ன நாப்… என்னங்க, பலகையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்க?” என்றார் படகுக்காரர்.

“நாப்பத்தேழுன்னே கூப்பிடுங்க” என்றார் அவர். “அதுதான் போய்ச் சொல்ல வேண்டியது.”

படகு திரும்பியதும் பொரிப்பகம் முழுதாகக் கண்ணில் பட்டது. பாதியில் ஓலைப் பந்தல் பழுப்பாகக் கிடந்தது. ஓலை போதாத மற்றப் பாதி, அவர் சல்லடையில் சலித்துக் கொட்டிய வெள்ளை மணல், உச்சி வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. பந்தலின் விளிம்பில் மனைவி ஒரு காலைத் தாங்கித் தாங்கி வாளியோடு போய்க்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.